உயிர் உரமும் அதன் உறைவிடமும்

தறியில் அமர்ந்து தொழில் செய்யும் அங்கத்தினரும், கரிசல் நிலத்தில் பயிர் செய்யும் அங்கத்தினரும் இவ்விதழைப் படிக்கின்றனர். ஆயினும் ஒரு சாராருக்கென எழுதப்படும் கட்டுரையை மற்றவர் புரட்டிவிட்டுச் செல்வதே வழக்கமாக இருந்து வருகிறது. இம்முறை நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள் இரு சாராருக்கும் பொதுவானது. பாவு நூல் அறாமலிருக்க நெசவாளர் அரிசிக் கஞ்சி தோய்க்கிறார். உயிர் உரம் விதையில் ஒட்டிக்கொள்ள விவசாயியும் அதே அரிசிக் கஞ்சியைத்தான் பயன்படுத்துகிறார். கஞ்சி செய்யும் இந்த எளிய வேலையை இன்று விஞ்ஞானம் எவ்வளவு தூரம் கொண்டு சென்றிருக்கிறது, அதனால் நம் சங்கங்களுக்கு என்ன பயன், எவ்வெவ்விடத்தில் எச்சரிக்கை தேவை என்பவற்றை இங்கே விளக்க முற்படுகிறோம்.

புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி உளுந்தும் பாசிப்பயறும் விதைப்பது சங்கரன்கோவில் வட்டாரத்துக் கரிசல் நிலங்களின் வழக்கம். விதைப்புக்கு முன்னர் உயிர் உரப் பொட்டலங்கள் நம் கிடங்குகளுக்கு வந்து சேர்கின்றன. பொட்டலத்தின் விலை சிறிதுதான். ஆனால் உள்ளே இருப்பது உயிரோடு இருந்தால் மட்டுமே அந்தச் சிறு விலைக்கும் பொருள் உண்டு. இறந்த உரத்தை வாங்கிய அங்கத்தினர் பொட்டலத்தின் விலையை மட்டும் இழப்பதில்லை. அப்போகத்துக்குரிய பயனையும் சேர்த்தே இழக்கிறார்.

உயிர் உரம் என்பது யாது?

நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன் என்னும் வாயுவாகும். பயிருக்கு இன்றியமையாத இச்சத்து வயலின் மேலேயே கடல்போல் நிறைந்திருந்தும், பயிரால் அதை நேராக எடுத்து உண்ண இயலாது. ரைசோபியம் என்னும் பாக்டீரியாவால் அது இயலும். பயறு வகைச் செடிகளின் வேருக்குள் புகுந்து, முடிச்சுகளை உண்டாக்கி, அங்கே தங்கி, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடி உண்ணத்தக்க வடிவில் மாற்றித் தருகிறது. அதற்குக் கூலியாகச் செடியிடமிருந்து சர்க்கரைச் சத்தைப் பெறுகிறது. இருவரும் பயனடையும் இந்த ஏற்பாட்டைக் கூட்டுறவுக்கு நல்ல உதாரணம் எனலாம்.

இவ்வுண்மையை 1886-ல் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ரீகல் வெளியிட்டார். 1888-ல் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி பெயரிங்க் இந்த பாக்டீரியாவை வேர் முடிச்சிலிருந்து தனியே பிரித்தெடுத்தார். பத்தாண்டு கழிவதற்குள் நோபே, ஹில்ட்னர் என்னும் இருவர் இதனை வளர்த்து விற்பனைச் சரக்காக்கிவிட்டனர். ஆகவே உயிர் உரம் நேற்று வந்த புதுமையன்று, நூறாண்டைக் கடந்தது.

நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் 2006-ல் உயிர் உரங்களும் கொண்டுவரப்பட்டன. அதன்படி ரைசோபியம் தூள் உரத்தில் ஒரு கிராமுக்கு 5 கோடி உயிருள்ள பாக்டீரியாக்களேனும் இருத்தல் வேண்டும். திரவ உரமாயின் ஒரு மில்லி லிட்டருக்கு 10 கோடி இருத்தல் வேண்டும். இக்கணக்குப்படி 200 கிராம் பொட்டலம் ஒன்றில் ஆயிரம் கோடி உயிர்கள் இருக்க வேண்டும்.

இவ்வளவு பெரிய எண் எதற்கு என்று கேட்கலாம். ஒரு ஹெக்டேருக்குரிய 20 கிலோ உளுந்து விதைக்கு 3 பொட்டலம், அதாவது 600 கிராம், இடவேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. ஆயிரம் விதையின் எடை 40 கிராம் எனக் கொண்டால், 20 கிலோவில் 5 லட்சம் விதைகள் உள்ளன. பங்கிட்டுப் பார்த்தால் ஒரு விதைக்குச் சுமார் 60 ஆயிரம் பாக்டீரியாக்கள் வருகின்றன. கிடங்கில் ஆயிரத்தில் ஒன்றே பிழைத்திருந்தால் ஒரு விதைக்கு 60 மட்டுமே மிஞ்சும். மண்ணில் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருக்கும் எண்ணற்ற உயிர்களோடு போட்டியிட்டு வேரைச் சென்றடைய இந்த 60 போதாது.

அவை ஏன் இறக்கின்றன?

ரைசோபியம் ஈரத்தை விரும்பும் உயிர். பொதியப் பயன்படும் பழுப்பு நிலக்கரித் தூளில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு ஈரம் இருக்கவேண்டும் என ஆணை விதிப்பது இதற்காகவே. ஈரம் உலர்ந்தால் அது மடியும். வெயில் பட்டாலும், 40 டிகிரி வெப்பத்தைத் தாண்டினாலும் மடியும். யூரியா, பூஞ்சாணக் கொல்லி ஆகியவற்றோடு நேரே கலந்தாலும் மடியும். வந்த துன்பம் நீங்கும்வரை ஓட்டுக்குள் சுருண்டு காத்திருக்கும் ஆற்றல் இதற்கு இல்லை.

நாம் ஆய்வுக்குச் சென்ற ஒரு சங்கத்தின் கிடங்கில், தகரக் கூரையின் கீழ், யூரியா மூட்டைகளின் மேல் உயிர் உரப் பொட்டலங்களை அடுக்கியிருக்கக் கண்டோம். காலம் சித்திரை. இருப்புப் பதிவேட்டில் எண்ணிக்கை சரியாக இருந்தது. கணக்கில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் பொட்டலத்திலுள்ள உயிர்களின் எண்ணிக்கையைப் பதிவேடு காட்டுவதில்லை. சிமெண்டையும் உரத்தையும் காக்கும் முறையில் இச்சரக்கைக் காக்க இயலாது என்பதை அன்று அச்சங்கத்தாருக்கு எடுத்துரைத்தோம்.

இக்குறையை நீக்கவே, பாக்டீரியாவுக்கு நல்லதோர் உறைவிடம் அமைத்துக் கொடுக்கும் வழியை விஞ்ஞானிகள் தேடலாயினர். அத்தேடலே அவர்களைப் பாலிமர்களிடம் கொண்டு சேர்த்தது.

பாலிமர் என்பது யாது?

பாலிமர் என்றதும் பிளாஸ்டிக் வாளிதான் பலருக்கு நினைவு வரும். ஒரே வகையான சிறு மணிகளைப் பல்லாயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலியே பாலிமர் ஆகும். பருத்தி நூலும் ஒரு பாலிமர். அதற்கு ஏற்றும் அரிசிக் கஞ்சியும் ஒரு பாலிமர். இரண்டையும் கோத்திருப்பது குளுக்கோஸ் என்னும் ஒரே சர்க்கரை மணிதான். கோக்கும் விதம் மாறுவதால் ஒன்று நீரில் கரையாத நூலாகவும், மற்றொன்று கொதிநீரில் குழையும் கஞ்சியாகவும் ஆகின்றன. விசைத்தறிப் பாவுக்கு ஏற்றும் பசையில் சேர்க்கப்படும் பாலிவினைல் ஆல்கஹாலோ மனிதன் செய்த பாலிமர்.

கஞ்சி உலரும்போது இச்சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னி மெல்லிய படலமாகின்றன. அப்படலம் நூலின் மேல் நின்றால் பிசிரை அடக்குகிறது. விதையின் மேல் நின்றால் பாக்டீரியாவைப் பிடித்து வைக்கிறது. ஆயினும் அதன் காவல் சிறிது நேரமே. கஞ்சியில் கலந்து விதைக்கு ஏற்றிய உரத்தை நிழலில் 30 நிமிடம் உலர்த்தி உடனே விதைக்கச் சொல்வதன் காரணம் இதுவே.

இவ்விடத்தில் இரு எச்சரிக்கைகள். முதலாவது, சூடான கஞ்சியில் உயிர் உரத்தைக் கலக்கலாகாது. முற்றும் ஆறிய கஞ்சியே ஏற்றது. இரண்டாவது, தறி வீட்டில் மிஞ்சிய கஞ்சியை விதைக்குப் பயன்படுத்தும் எண்ணம் வேண்டாம். பூஞ்சாணம் பிடியாமலிருக்கப் பாவுக் கஞ்சியில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. பூஞ்சாணத்தைத் தடுக்கும் அது ரைசோபியத்தையும் கொன்றுவிடும். நூலுக்கு நன்மை செய்வது விதைக்கும் நன்மையே செய்யும் என்பதில்லை.

மணிக்குள் குடியேற்றம்

கஞ்சிப் படலத்தைவிட உறுதியான வீடு ஒன்றை 1979-ல் டொமர்கே என்னும் பிரெஞ்சு விஞ்ஞானியும் அவர்தம் துணைவர்களும் அமைத்துக் காட்டினர். பாலிஅக்ரிலமைடு என்னும் செயற்கைப் பாலிமரின் கூழுக்குள் ரைசோபியத்தைப் பதித்து, அதனைப் பயறுச் செடிக்கு உரமாக இட்டனர். முயற்சி பலித்தது. ஆனால் அப்பாலிமரைச் செய்யும் மூலப்பொருள் நச்சுத்தன்மை உடையது; பாலிமரும் மண்ணில் எளிதில் மட்காதது. ஆகவே இயற்கைப் பாலிமர்களின் பக்கம் கவனம் திரும்பியது.

அவற்றுள் சிறந்து நின்றது ஆல்ஜினேட். இது பழுப்பு நிறக் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் பொருள். மன்னார் வளைகுடாவில், மண்டபம் கடற்கரையை ஒட்டிய தீவுகளைச் சூழ்ந்து விளையும் சர்காசம், டர்பினேரியா என்னும் பாசிகள் ஆல்ஜினேட் தொழிலுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்துள்ளன. நெசவுத் துறையினருக்கும் இது அந்நியமன்று. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் கொண்டு அச்சிடுகையில், சாயம் பரவிவிடாதபடி குழம்பாக்கச் சேர்ப்பது இந்த ஆல்ஜினேட்டே.

மணி செய்யும் முறை வியப்பூட்டும் அளவுக்கு எளிது. நூற்றுக்கு 2 பங்கு அளவில் சோடியம் ஆல்ஜினேட்டை நீரில் கரைத்து, அதில் பாக்டீரியாவைக் கலப்பர். இக்கரைசலைக் கால்சியம் குளோரைடு கரைத்த நீரில் சொட்டுச் சொட்டாக விடுவர். விழுந்த கணமே ஒவ்வொரு சொட்டும் ஜவ்வரிசிபோல் உருண்டு கெட்டியாகிறது. சோடியம் விலகிக் கால்சியம் அவ்விடத்தில் அமர்ந்து, அடுத்தடுத்துள்ள இரு சங்கிலிகளைச் சேர்த்துப் பூட்டுவதே இதன் காரணம். பாவும் ஊடையும் சேர்ந்து துணியாவதைப்போல், இங்கே சங்கிலிகள் சேர்ந்து வலையாகின்றன. அவ்வலையின் கண்களில் நீரும் காற்றும் சத்தும் புகும். பாக்டீரியாவோ உருவில் பெரியதாதலால் உள்ளேயே தங்கும். மண்ணில் இட்டபின் அங்குள்ள நுண்ணுயிர்கள் மணியைச் சிறிது சிறிதாகத் தின்று கரைக்க, உள்ளிருக்கும் பாக்டீரியா படிப்படியாக வெளிவந்து வேரைச் சேர்கிறது.

மெக்சிகோ நாட்டில் பணிபுரிந்த யோவ் பஷான் என்னும் விஞ்ஞானி இம்முறையை 1986-ல் விரிவாக வெளியிட்டார். அவர் அசோஸ்பைரில்லம், சூடோமோனாஸ் ஆகிய இரு பாக்டீரியாக்களையும் ஆல்ஜினேட் மணிகளில் பதித்து உலர்த்தி 1983-ல் வைத்த சரக்கு 1996-ல் சோதிக்கப்பட்டது. குளிர்ப்பெட்டி ஏதுமின்றிச் சாதாரண வெப்பநிலையில் இருந்தும், ஒரு கிராம் மணியில் ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் வரை உயிர்கள் பிழைத்திருந்தன. இது பெரிய சாதனை. அதே சமயம், நம் ஆணை கேட்கும் 5 கோடியைவிட இது மிகக் குறைவு என்பதையும் மறக்கலாகாது. வீடு எவ்வளவு நல்லதாயினும், காலம் கழியக் கழியக் குடியிருப்போர் தொகை குறையவே செய்யும். பொட்டலத்தின் காலாவதித் தேதிக்கு மணி மாற்றாகாது.

இம்மணிகள் இன்னும் நம் கிராமங்களில் மலிவாகக் கிடைக்கும் சரக்கு ஆகவில்லை. ஆல்ஜினேட்டின் விலை நிலக்கரித் தூளின் விலையைவிடப் பன்மடங்கு அதிகம். மேலும் மணிகளை உலர்த்தும் கட்டத்திலேயே உயிர்களில் ஒரு பகுதி மடிந்துபோகிறது. இவ்விரு தடைகளுமே இன்று ஆராய்ச்சியாளர் முன் நிற்பவை.

உறங்கும் உயிர்கள்

எல்லா பாக்டீரியாக்களும் ரைசோபியத்தைப்போல் மென்மையானவை அல்ல. பேசில்லஸ் இனத்தைச் சேர்ந்தவை, துன்பம் வந்தால் தடித்த ஓடு ஒன்றைத் தமக்குள் அமைத்துக்கொண்டு உறங்கிவிடுகின்றன. இந்நிலையை ஸ்போர் என்பர். இந்த ஸ்போர் உலர்ந்தாலும் சாகாது. சோறு வேகும் சூட்டையும் தாங்கும். கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசலில் மழை விழுந்ததும் எழும் உயிர்ப்பில் இவற்றுக்கும் பங்கு உண்டு.

கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம், பயிருக்கு நலம் செய்யும் பாக்டீரியாக்களை உலர்நிலையில் ஜெலட்டின் உறைக்குள் அடைத்து, மருந்துக் காப்ஸ்யூல்போல் வழங்கும் முறையை உருவாக்கியுள்ளது. இதில் பாக்டீரியா பாலிமருக்குள் பதிக்கப்படவில்லை. பாலிமரால் ஆன உறைக்குள் வைக்கப்பட்டுள்ளது. சில கிராம் எடையில் அடங்குவதாலும், சாதாரண வெப்பத்தில் எடுத்துச் செல்லத்தக்கதாலும், கிடங்கு இடமும் வண்டிச் சத்தமும் மிச்சமாகின்றன. ஆனால் எந்தப் பயிருக்கு எந்த உயிர் என்பதைப் பார்த்தே வாங்கவேண்டும். இஞ்சிக்கும் மிளகுக்கும் ஏற்ற பாக்டீரியா, உளுந்தின் வேரில் முடிச்சு கட்டாது.

2024-ல் வெளிவந்த மற்றொரு செய்தி இன்னும் வியப்புக்குரியது. அமெரிக்காவில் சான் டியாகோ நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள், பேசில்லஸ் ஸ்போர்களைப் பிளாஸ்டிக்குக்குள்ளேயே கலந்தனர். தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன் என்னும் அப்பிளாஸ்டிக்கை 135 டிகிரிச் சூட்டில் உருக்கி வார்க்கும்போது பிழைத்திருக்கும்படி, ஸ்போர்களைப் படிப்படியாகச் சூட்டுக்குப் பழக்கித் தேர்ந்தெடுத்தனர். பயன்படுத்தும் காலமெல்லாம் அவை உறங்கிக் கிடந்தன. மட்குரக் குவியலில் இட்டதும் விழித்துப் பிளாஸ்டிக்கைத் தின்னத் தொடங்கின. ஐந்து மாதத்தில் நூற்றுக்கு 90 பங்கு மட்கிவிட்டது. ஸ்போர் கலந்ததால் பிளாஸ்டிக் நலியவில்லை. முன்னினும் உறுதி பெற்றது.

இதைக் கேள்வியுற்று, நாற்றுப் பைகளும் நிலப்போர்வைத் தாள்களும் இனித் தாமே மட்கிவிடும் என எண்ணிவிடலாகாது. அவை பெரும்பாலும் பாலிதீனால் ஆனவை. மேற்கூறிய சோதனை நடந்தது வேறு வகைப் பிளாஸ்டிக்கில். வயலில் கிடக்கும் பாலிதீன் தாளைப் பொறுக்கி அகற்றும் வேலை இன்றும் நம்முடையதே.

சாயக் கழிவு நீர்

நெசவாளர் அங்கத்தினருக்கு இத்துறையில் மற்றொரு நாட்டமும் உண்டு. நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில், திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிட்டதைப் பலரும் அறிவர். சாய நீரைத் தூய்மை செய்ய பாக்டீரியாக்கள் உதவும். ஆனால் அவற்றைத் தொட்டியில் வெறுமனே விட்டால் ஓடும் நீரோடு அவையும் ஓடிவிடும். ஆல்ஜினேட் அல்லது பாலிவினைல் ஆல்கஹால் மணிகளில் பதித்துவிட்டால், நீர் போகும், உயிர் தங்கும், அதே மணிகளை மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். இது ஆய்வுக்கூடங்களில் பலமுறை மெய்ப்பிக்கப்பட்டது.

இங்கும் ஒரு தெளிவு வேண்டும். அசோ வகைச் சாயங்களை பாக்டீரியா உடைக்கும்போது நிறம் மறைகிறது. ஆனால் உடைந்த துண்டுகளுள் அமீன் எனப்படும் சில, நச்சுத்தன்மை உடையவை. அவற்றையும் அழிக்க, காற்றூட்டி மறுபடியும் சுத்திகரிக்கவேண்டும். நிறம் போய்விட்டதால் நஞ்சும் போய்விட்டது என்று யாரேனும் கூறி விற்க வந்தால், அங்கத்தினர் நம்பலாகாது.

சங்கங்கள் செய்ய வேண்டுவன

புதிய மணிகளும் காப்ஸ்யூல்களும் நம் கைக்கு வரும்வரை, கையிலுள்ள பொட்டலத்தின் உயிரைக் காப்பதே முதற்கடமை. அதற்கு அதிகச் செலவில்லை.

1. கொள்முதலின்போது பயிரின் பெயர், தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி, தொகுதி எண், பாக்டீரியா எண்ணிக்கை ஆகியவை அச்சிடப்பட்டுள்ளனவா எனப் பார்த்தே சரக்கை ஏற்கவேண்டும்.

2. விதைப்புக்கு நெடுநாள் முன்னர் மொத்தமாக வாங்கி வைக்கலாகாது. அங்கத்தினரின் தேவையை முன்கூட்டிக் கேட்டறிந்து, தேவைக்கேற்ப வாங்கவேண்டும்.

3. கிடங்கில் குளிர்ந்த, நிழலான அறையொன்றை ஒதுக்கவேண்டும். யூரியா, பூச்சிமருந்து ஆகியவற்றின் அருகில் பொட்டலங்களை வைக்கலாகாது.

4. இருப்புப் பதிவேட்டில் காலாவதித் தேதிக்கு ஒரு பத்தி ஒதுக்குவது நலம். முந்தி வந்தது முந்தி விற்கப்படல் வேண்டும். காலம் கடந்ததை விற்கலாகாது.

5. பூஞ்சாணக் கொல்லி கலந்த விதையாயின், 24 மணி நேரம் கழித்தே ரைசோபியம் கலக்கவேண்டும் என்பதை விற்கும்போதே அங்கத்தினருக்குச் சொல்லவேண்டும்.

உரம் வேலை செய்ததா என்பதை அறிய ஆய்வுக்கூடம் செல்லவேண்டியதில்லை. விதைத்த 30 முதல் 40 நாளில், ஈரமுள்ள வேளையில், நாலைந்து உளுந்துச் செடிகளை மண்ணோடு மெல்லப் பெயர்த்தெடுத்து வேரைக் கழுவிப் பார்க்கவேண்டும். ஆணிவேரை ஒட்டித் திரண்ட முடிச்சுகள் இருப்பின், ஒன்றை நகத்தால் கிள்ளிப் பார்க்கலாம். உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தோன்றினால் பாக்டீரியா உழைக்கிறது என்று பொருள். வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் அம்முடிச்சு வேலை செய்யவில்லை. உரம் இடாத ஒரு பாத்தியை ஒப்புக்கு விட்டு வைத்து இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உண்மை இன்னும் தெளிவாகும். பத்து அங்கத்தினர் தம் வயலில் கண்டதைச் செயலாளரிடம் கூறினால், அடுத்த ஆண்டு எவரிடம் கொள்முதல் செய்வது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

புற்றுமண்ணைப் பிரசாதமாக ஏற்கும் ஊர் நம்முடையது. மண்ணை உயர்வாகக் கருதும்படி நமக்கு எவரும் போதிக்கவேண்டியதில்லை. அம்மண்ணில் உழைக்கப் போகும் உயிர்கள் கிடங்கிலேயே மடிந்துபோகாமல் காப்பது நம் பொறுப்பு. வரும் புரட்டாசிக் கொள்முதலுக்கு முன்பாகச் சங்கங்களின் நிர்வாகக் குழுக்கள் கிடங்கை ஒருமுறை நேரில் பார்த்து, அப்பொட்டலங்களுக்குரிய இடத்தைக் குறித்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.